சுகதேகியாகப் போன முழங்கால்

சின்ன உப்போடை,
மட்டக்களப்பு.
ஆடி மாதத்து ஞாயிறு, பூசை முடிந்த கையோடு.

மெல்பேர்ன் குளிரில் கம்பளிக்குள் இருந்தாலும் எங்களை மறவாத, மதிப்புக்குரிய லோர்னா அக்கா அவர்களுக்கு,

உங்கள் தங்கை எமிலியின் கணவனும் உங்கள் தம்பி அல்பர்ட்டின் மச்சானுமாகிய நோபேட் பணிவோடு எழுதிக்கொள்வது. அந்தோனியாருடைய காவலில் நீங்களும் பேரப்பிள்ளைகளும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். திறந்த பிறகு யோசித்தால் அது பொய்யாகிறது. எனது வலது முழங்காலைத் தவிர மற்ற எல்லோரும் சுகம்.

வட்ஸ்அப் இருக்க இவர் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நீங்கள் கேட்பீர்கள். தபாற்கந்தோரில் முத்திரை குத்தியே தலை நரைத்தவனுக்குக் கடிதத்தில்தான் நம்பிக்கை என்பது ஒரு காரணம். மற்றது, எமிலி எந்தக் கோல் வந்தாலும் ஸ்பீக்கரில்தான் போடுவாள். வேலிக்கு அந்தப் பக்கம் அல்பர்ட்டின் வீடு. நான் அவனைப் பற்றி உங்களிடம் சொல்லப்போகும் ஒவ்வொரு சொல்லையும் அவன் தேநீரோடு கேட்டுக்கொண்டிருப்பான். நாங்கள் இரண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும்போது அவன் என் குரலைச் சும்மா கேட்பதில் எனக்கு விருப்பமில்லை.

ஓம் அக்கா, பேச்சுவார்த்தை இல்லை. ஏன் என்று ஒழுங்காக முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு எழுத வரும், உங்களுக்குத் தெரிந்ததையும் பொறுத்துக்கொண்டு வாசியுங்கோ.

செங்கலடிச் சந்தியில் அந்த டிப்பர் லொறி அடித்து, அல்பர்ட்டின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள் அல்லவா. அதன் பிறகு செயற்கைக் கால் பூட்டி நடந்தான், கோயிலில் முழங்காலில் நின்றான், கூரையில் ஏறி ஓடு மாற்றினான், தையல் மெசின் திருத்தும் தொழிலையும் விடவில்லை. சைக்கிளில் மட்டும் ஏறி உழக்க மாட்டான். கேட்டால், முழங்காலை மடக்கும்போது செயற்கைக் காலின் வாய், மிஞ்சிய கால் போய் இறங்கும் குழி, பின்பக்கம் வெட்டுகிறது என்பான். ஆகவே அவன் போகும் இடமெல்லாம் நான்தான் கரியரில் ஏற்றிக்கொண்டு உழக்குகிறேன். முதலில் லீவு நாட்களில், ஓய்வு பெற்ற பிறகு எல்லா நாட்களிலும். மெசின் பழுதாகாத வீடு இந்த ஊரில் இல்லை. அவனுக்கும் வயிறு வைத்துவிட்டது, அதோடு மடியில் நட்டுக் கழற்றும் சாவியும் சுத்தியலும் நிறைந்த தகரப்பெட்டி ஒன்று. கச்சான் காற்று எதிர்த்து அடிக்கும் நாட்களில் நான் எந்தப் புனிதரையும் விட்டுவைக்காமல் கூப்பிட்டுக்கொண்டு உழக்குவேன், இவன் பின்னாலிருந்து, "மச்சான், கொஞ்சம் எட்டி மிதி, மழை வரப்போகுது" என்பான்.

இப்படி இருக்கையில், செயற்கைக் காலுக்குப் புது வாய் அளவெடுக்கப் போன இடத்தில் மேனுகா என்று ஒரு பிள்ளை இவனைப் பிடித்திருக்கிறாள். உடற்பயிற்சி வைத்தியம் படித்த பிள்ளை, ஆராய்ச்சி செய்கிறாளாம். செயற்கைக் கால் போட்டவர்களுக்கு உடம்புப் பாரத்தில் பெரும் பங்கு முழங்காற் சில்லுக்குக் கீழே இருக்கிற தசைநாரில்தான் போய் அழுத்துமாம். வருடக்கணக்காக அழுத்தினால் அந்த நாருக்கு என்ன நடக்கிறது என்று ஸ்கேன் பண்ணிப் பார்க்கிறாள். ஒப்பிட்டுப் பார்க்க, அதே வயதில், அதே உடம்பு வாகில், இரண்டு காலும் உள்ள ஆட்களும் வேண்டுமாம். அவர்களுக்கு ஆராய்ச்சியில் பெயர் 'சுகதேகி'. உங்கள் தம்பி கொஞ்சமும் யோசிக்காமல், "என்ர மச்சான் ஒராள் இரிக்கார், ஒரு வருத்தமும் இல்லாத மனிசன். சாப்பாடும் நித்திரையும்தான்" என்று என்னைக் கொடுத்துவிட்டான்.

சாப்பாடு, நித்திரை என்றது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சுகதேகி என்ற சொல் மனதில் ஒட்டிக்கொண்டது. தபாற்கந்தோரில் என்னை யாரும் எதற்கும் தெரிவு செய்ததில்லை. கோயிலில் பூசை வைக்கும் சுவாமியிடம் சொன்னேன், அப்பம் சுடும் சீதேவியிடம் சொன்னேன், மருந்துக் கடையில் ஒன்றும் வாங்காமல் நின்று சொன்னேன். ஸ்கேன் நாளன்று புது அரைக்காற்சட்டை போட்டு, முகத்துக்குப் பவுடரும் போட்டேன். "முழங்காலத்தானே படம் எடுக்கப் போறாங்க, பவுடர் எதுக்கு?" என்று எமிலி கேட்டாள். மதிப்பு என்று ஒன்று இருக்கிறது என்றேன். பிறகு அல்பர்ட்டைக் கரியரில் ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலத்தைத் தாண்டி உழக்கினேன். காற்று வாவியிலிருந்து பக்கவாட்டில் அடித்தது. போய்ச் சேரும்போது பவுடர் எல்லாம் கழுத்துக்கு வந்துவிட்டது.

அறைக்குள் குளிர். கட்டிலில் படுக்க வைத்து, முழங்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து, குளிர்ந்த களி போல ஒன்றைப் பூசி, ஒரு சின்னக் கட்டையால் தடவினாள் அந்தப் பிள்ளை. முதலில் அல்பர்ட். திரையில் கறுப்புக்கும் சாம்பலுக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு பட்டி, விளக்கு வெளிச்சத்தில் வாளை மீன் கிடப்பது போல. "இதுதான் அங்கிள் அந்த நார். செயற்கைக் கால் அழுத்துற இடத்தில கொஞ்சம் தடிச்சிருக்கு. மற்றப்படி பரவாயில்ல" என்றாள். அல்பர்ட் தலையைத் தூக்கித் தன்னுடைய வாளை மீனைப் பெருமையோடு பார்த்தான்.

பிறகு நான். இடது முழங்கால் சுகமாக முடிந்தது. வலதில் கட்டையை வைத்த பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டாள். மேலே தடவினாள், கீழே தடவினாள், இன்னும் கொஞ்சம் களி பூசினாள். இப்படி ஒரு பெண் பிள்ளை மௌனமாகிவிட்டால் மனிதனுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கோ. அவள் ஒரு இடத்தை அமத்தி, "நோகுதா அங்கிள்?" என்றாள். நோவு உச்சியில் போய் இடித்தது. "இல்ல மகள்" என்றேன். சுகதேகி வேறு என்ன சொல்வது. சுவர்ப் பக்கத்துக் கதிரையில் இருந்த அல்பர்ட் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேனுகா கோல் எடுப்பாள் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்துக்கும் குசினிக்கும் நடந்தேன். நடந்தால் நொந்தது, இருந்தால் பயமாக இருந்தது, ஆகவே நடந்தேன். எமிலி, "என்ன இது, குட்டி போட்ட பூனை மாதிரி" என்றாள். ஒரு மாதிரியாகக் கோல் வந்தது. இரண்டு பேரையும் வரச் சொன்னாள். மறுபடியும் பாலம், மறுபடியும் கரியர், மறுபடியும் காற்று.

அக்கா, இதைத்தான் நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டும். அந்தப் படங்களை யாருடையது என்று பெயர் போடாமல், வெறும் இலக்கம் மட்டும் போட்டு, கொழும்பில் ஒரு டொக்டருக்கு அனுப்புகிறார்களாம். ஆள் தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாயும் என்று அப்படி ஒரு முறை. அந்த டொக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, என்னுடைய வலது முழங்காலின் படத்துக்கு நேரே, 'இது செயற்கைக் கால் அணிபவருடையதாக இருக்கலாம்' என்று எழுதிவிட்டார்.

எனக்கு. இரண்டு காலோடும் நடந்து போன எனக்கு.

மேனுகா மெல்லமாகத்தான் சொன்னாள். நாரின் நடுவில் கறுப்பாக ஒரு திட்டு இருக்கிறதாம், தடித்தும் இருக்கிறதாம், இல்லாத இடத்தில் புதிதாகச் சின்னச் சின்ன இரத்தக் குழாய்கள் ஓடுகின்றனவாம். பயப்பட ஒன்றும் இல்லை, பாரத்தைக் குறைத்து, சொல்லித் தருகிற பயிற்சியைப் பொறுமையாகச் செய்தால் தேறும் என்றாள். "ஆனா உங்கள சுகதேகிகளோட வைக்க ஏலாது அங்கிள். குறை நினைக்காதீங்க." பிறகு, "பாரம் ஏத்துற வேல ஏதும் செய்றீங்களா?" என்று கேட்டாள். தபாற்கந்தோரில் இருந்தவன் என்றேன். படியேற்றம், வயல் வேலை, பந்து விளையாட்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அப்போது பின்னாலிருந்து அல்பர்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்னைத்தான் ஏத்துறான் பிள்ள" என்றான்.

மேனுகா அவனுடைய வயிற்றையும் மடியில் இருந்த பெட்டியையும் பார்த்தாள், பிறகு என் முழங்காலைப் பார்த்தாள். "இனி வேண்டாம் அங்கிள்" என்றாள். அவனிடம் திரும்பி, "உங்கட முழங்கால் நல்லாத்தான் இருக்கு. புது வாயும் பின்பக்கம் தாழ்வா வெட்டித்தான் செய்திருக்கு. நீங்க சைக்கிளே உழக்கலாம்" என்றாள். அல்பர்ட் யன்னலுக்கு வெளியே பார்த்தான்.

திரும்பும்போது நான் உழக்க ஏலாது, அவன் உழக்க மாட்டான். சைக்கிளை அவன் தள்ள, நான் நொண்டிக்கொண்டு பாலத்தில் நடந்தோம். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்து, "ஐயா, செயற்கைக் காலா? பழகினா சுகமா நடக்கலாம்" என்று ஆறுதல் சொன்னார். இவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் தொடங்கியது.

"சிரி. என்ர காலத் திண்டது நீதான்" என்றேன்.

"உனக்கு நோகுதெண்டு எனக்குத் தெரியும்" என்றான்.

"எப்ப இருந்து?"

"போன தவசுகாலத்துக்கு முன்ன இருந்து. இறங்கேக்க சீற்றைப் பிடிச்சுக்கொண்டு இறங்குவாய்."

"தெரிஞ்சுகொண்டா ஏறி இருந்தாய்?"

"நீயே சொல்லுவாய் எண்டு பாத்தன். சொல்லல்ல."

"சொன்னா நீ ஏற மாட்டாய்."

"ஓம். ஏற மாட்டன்."

அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. காற்றில் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது, சத்தமாகப் பேசினால் எனக்குக் கோபம் தானாக வரும். "கால் போனது உனக்கு. அத இத்தின வருசமாச் சுமக்கிறவன் நான்" என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து விழுந்ததும் அது வாவிக்குள் விழுந்து போகாதா என்றிருந்தது. அவன் சைக்கிளை எனக்குப் பக்கத்தில் நிறுத்தி, பெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். செயற்கைக் காலோடு அவ்வளவு வேகமாக அவன் நடந்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது எமிலி முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள், பிறகு நொச்சியிலை அவித்து ஒத்தடம் போட்டாள், பிறகு நான் பாலத்தில் சொன்னதைக் கேட்டதும் ஒத்தடத் துணியைச் சட்டிக்குள் எறிந்துவிட்டு உங்கள் வீட்டுப் பறங்கிப் பாசையில், போர்த்துக்கீசில், ஏசத் தொடங்கினாள். எனக்கு அது விளங்காது என்று அவளுக்கு நினைப்பு. எந்தப் பாசையிலும் அப்படிப்பட்ட ஏச்சு விளங்கும்.

அன்றிலிருந்து அல்பர்ட் எங்கள் பக்கம் வரவில்லை. பூசையில் மட்டும் பழக்கதோசத்தில் ஒரே வாங்கில் என் பக்கத்தில் வந்து இருக்கிறான். நற்கருணையை உயர்த்தும் நேரம் அவன் செயற்கைக் காலோடு முழங்காலில் நிற்கிறான், இரண்டு கால் உள்ள நான் மகாராசா மாதிரி இருக்கையில் சாய்ந்திருக்கிறேன். சுவாமி அப்பத்தை உயர்த்தியபடியே என்னை ஒரு பார்வை பார்த்தார். சுகதேகி என்று அவரிடம் போய்ச் சொன்னவன் நான்தானே.

இதிலும் பெரிய வருத்தம் இனித்தான். ஒரு கிழமைக்கு மேலாக அல்பர்ட் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிச் செங்கலடிக்குப் போகிறான். அந்தச் சந்தியைக் கண்டாலே மறுபக்கம் முகத்தைத் திருப்புகிறவன் நாள் தவறாமல் அங்கே போகிறான். பொழுதுபட்டால் சட்டையெல்லாம் கரியோடு வருகிறான். வேலி இடுக்கால் பார்த்தேன், நானாகப் பார்க்கவில்லை, கொடியில் துணி எடுக்கப் போனபோது கண்ணில் பட்டது. சீதேவி செங்கலடிச் சந்தைக்குப் போனவள் வந்து, "உங்கட மச்சான் நல்லரத்தினம் எண்ட ஆளோட நிண்டு கதைச்சுக்கொண்டிருக்கார். ஆள் நல்ல வாட்டசாட்டம். பக்கத்தில சைக்கிளும் நிண்டது" என்றாள். நான் விசாரித்தேன். அந்த நல்லரத்தினத்தின் தொடை ஒவ்வொன்றும் பனங்குற்றி போல இருக்குமாம்.

எனக்கு விளங்கிவிட்டது. உங்கள் தம்பி வேறு ஆள் பிடித்துவிட்டான்.

அக்கா, நான் பொறாமைக்காரன் அல்ல. அவனை யாரும் ஏற்றட்டும். ஆனால் அந்த மனிதனுக்கு அல்பர்ட்டை எப்படி ஏற்றுவதென்று தெரியுமா? இவனுக்கு இடது பக்கம் சாய்கிற பழக்கம் இருக்கிறது, வளைவில் நாங்கள் வலது பக்கம் உடம்பைக் கொடுக்க வேண்டும். பெரிய லொறி பின்னால் வந்தால் இவன் பேசுவதை நிறுத்திவிடுவான், அப்போது ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், என்ன சமைத்தாய், எந்த மெசின், என்று எதையாவது. இதெல்லாம் பனங்குற்றித் தொடையில் எழுதியிருக்கிறதா? இதை நினைத்து நினைத்து எனக்கு நித்திரையும் இல்லை, சாப்பாடும் இல்லை. எமிலியிடம் சொன்னால், "போய் மன்னிப்புக் கேளுங்க" என்கிறாள். வேலியடி வரைக்கும் போனேன். அவன் வீட்டுக் கதவு திறந்திருந்தது, உள்ளே ஏதோ விசில் அடித்துக்கொண்டிருந்தான். என்னோடு கோபமாக இருக்கிறவன் விசில் அடித்தால் நான் என்னென்று மன்னிப்புக் கேட்கிறது? திரும்பி வந்துவிட்டேன்.

ஆகவே நான் நன்றாக யோசித்து உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அல்பர்ட்டை அங்கே கூப்பிட்டுக்கொள்ளுங்கோ. அங்கே ரோட்டு நேராக இருக்குமாம், காரில் போகலாமாம், வயது போன காலத்தில் கூடப் பிறந்தவளோடு இருப்பதுதான் முறை. இங்கே செங்கலடிக்காரனை நம்பிச் சந்தியில் விழுந்து கிடப்பதைவிட அது நல்லது. நானும் பாரமில்லாமல் பயிற்சியைச் செய்துகொண்டு அமைதியாக இருப்பேன். அவன் வீட்டுக் கதவுத் திறப்பை நாங்கள் வாங்கி வைத்து, கோழிகளையும் பார்த்துக்கொள்வோம். இதில் எனக்கு ஒரு கவலையும் இல்லை. இந்தத் தாளில் ஈரம் பட்டிருந்தால் அது ஒத்தடத் தண்ணீர்.

அந்தோனியார் உங்கள் வீட்டு வாசலில் நின்று, வருகிற துன்பத்தை எல்லாம் வேறு விலாசத்துக்குத் திருப்பி அனுப்புவாராக. பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். எமிலி தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள், கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

இங்ஙனம்,
தங்கள் ஆசீரை நாடும்,
நோபேட்.

பிற்குறிப்பு: உறையை ஒட்டப் போன நேரம் வாசலோரத்து ஒழுங்கையில் மணிச்சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அல்பர்ட்டும், பனங்குற்றித் தொடையோடு அந்த நல்லரத்தினமும் நிற்கிறார்கள், நடுவில் குதிரை நீளத்துக்கு ஒரு சைக்கிள். நல்லரத்தினம் செங்கலடியில் இரும்பு ஒட்டுகிறவராம். இரண்டு பழைய சைக்கிளை வெட்டி ஒன்றாக ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு சீற், முன்னுக்கும் பின்னுக்குமாக இரண்டு சோடி மிதி. பின் சீற்றை உயர்த்தி, இடது மிதியில் தோல் பட்டியும் வைத்திருக்கிறான் அல்பர்ட், செயற்கைக் கால் வழுக்காமல் இருக்க.

"ஏறு" என்றான். அவ்வளவு நாளுக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் சொல் அதுதான்.

"பாலத்தில நான் சொன்னது" என்று தொடங்கினேன்.

"ஏறு மச்சான். அத மறுகாக் கதைப்பம்."

நான் முன்னால், அவன் பின்னால். "உனக்குச் சைக்கிள் ஏலாதெண்டாயே" என்றேன். அவன் இரண்டு மிதி உழக்கினான். பிறகு, "காலால இல்ல. டிப்பரடிச்ச நாளில இருந்து ரோட்டப் பாத்துக்கொண்டு உழக்கப் பயம். இப்ப உன்ர முதுகுதானே தெரியுது" என்றான். அக்கா, நான் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டேன். எடுத்தும் சைக்கிள் போனது. ஒழுங்கை முழுவதும் போனது. பின்னாலிருந்து அவன் மூச்சு மட்டும் கேட்டது. நான் கிறுகிப் பின்னால் பார்க்கவில்லை, ஏதாவது கேட்கவும் தோன்றவில்லை.

பிரேக் பூட்ட மறந்துவிட்டார்கள் என்பது சீதேவியின் வேலியடியில்தான் தெரிய வந்தது. ஒருவருக்கும் காயமில்லை, அப்பச் சட்டி ஒன்று போய்விட்டது. நாளைக்குப் பூட்டிக்கொண்டு செங்கலடிக்குப் போவதாக இருக்கிறோம். அவன் அதற்கும் அப்பால் மாங்கேணி என்கிறான், நான் முதலில் செங்கலடி போதும் என்றிருக்கிறேன்.

ஆகவே மேலே எழுதியதை வாசிக்க வேண்டாம். விசா அலுவல் ஏதாவது தொடங்கியிருந்தால் உடனே நிறுத்திவிடுங்கோ. இந்தச் சைக்கிளை ஒராள் தனிய ஓட்ட ஏலாது.